ஒரு பாட்டைக் கைமாற்றுவது எப்படி?

ஹாலி எர்மினி ரைவ்ஸ் எழுதிய 'தி காஸ்ட்அவே' நாவலை வெளியிட்ட அமெரிக்காவின் பாப்ஸ்-மெரில் பதிப்பகம், பதிப்புரிமை அறிவிப்புக்குக் கீழே ஓர் எச்சரிக்கையையும் அச்சிட்டது. இந்தப் புத்தகத்தின் சில்லறை விலை ஒரு டாலர். அதற்குக் குறைத்து விற்பவர் பதிப்புரிமையை மீறியவர் ஆவார். நியூயார்க்கின் மேசிஸ் கடை அதைப் பொருட்படுத்தாமல் 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908-இல் வந்த தீர்ப்பில் கடைதான் வென்றது. ஒரு பிரதியை விற்றுக் காசு வாங்கிய பிறகு, அது அடுத்து யார் கைக்கு என்ன விலைக்குப் போக வேண்டும் என்று பதிப்பாளர் கட்டளையிட முடியாது என்றது நீதிமன்றம்.

இதை முதல் விற்பனைக் கோட்பாடு என்கிறார்கள். படித்து முடித்த புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் போடுவதற்கும், தம்பிக்குக் கொடுப்பதற்கும், நூலகம் இரவல் தருவதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்ற சுதந்திரம் இதிலிருந்து வருகிறது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட நூல் பிரதிகளை உரிமையாளரின் வெளியீட்டு உரிமைக்கு வெளியே வைத்திருக்கிறது.

இந்தச் சுதந்திரம் இத்தனை காலம் சிக்கலின்றி நடந்ததற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல, காகிதமும் காரணம். புத்தகத்தைக் கொடுத்தவரிடம் புத்தகம் இருக்காது. ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும் என்பதை யாரும் எழுதிவைக்கத் தேவைப்படவில்லை, இயற்கையே பார்த்துக்கொண்டது. காசு கொடுத்து இணையத்தில் வாங்கிய பாட்டுக்கும் மின்னூலுக்கும் அந்தக் காவல் கிடையாது. கொடுத்தவரிடமும் இருக்கும், வாங்கியவரிடமும் இருக்கும். கொடுத்தவரிடம் இல்லாமல் போகும்படி ஒரு பாட்டைக் கைமாற்ற வழி உண்டா? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் விடை தேடிப் போனால் அது ஹார்ட் டிஸ்க்கில் தொடங்கி, நீதிமன்றம் வழியாக, குவாண்டம் இயற்பியல் வரை நம்மை இழுத்துச் செல்கிறது.

கணினி எதையும் நகர்த்துவதில்லை

ஒரு பாட்டை 'கட்' செய்து பென் டிரைவில் 'பேஸ்ட்' செய்கிறோம். பாட்டு இங்கிருந்து அங்கே போய்விட்டது போலத் திரை காட்டுகிறது. உள்ளே நடப்பது வேறு. கணினி அந்தக் கோப்பைத் துண்டு துண்டாகப் படித்துத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அங்கிருந்து பார்த்துப் பென் டிரைவில் புதிதாக எழுதுகிறது. எழுதி முடித்ததும், பழைய இடம் காலி என்று தன் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பழைய இடத்தில் இருந்த பூஜ்யங்களும் ஒன்றுகளும் அப்படியே கிடக்கின்றன. வேறொரு கோப்பு வந்து மேலே எழுதும்வரை அவற்றுக்கு ஆயுள் உண்டு. தவறுதலாக அழித்துவிட்ட கல்யாணப் படங்களைத் தரவு மீட்புக் கடைக்காரர் மீட்டுத் தருவது இதனால்தான்.

மேலே எழுதினாலாவது பழையது போய்விடுமா? இப்போதைய மடிக்கணினிகளில் உள்ள எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் அதற்கும் உத்தரவாதம் இல்லை. அதில் இருக்கும் ஃபிளாஷ் சில்லு, எழுதிய இடத்திலேயே திரும்ப எழுத முடியாதது. ஒரு பெரிய தொகுதியை முழுதாக அழித்தால்தான் அதில் மறுபடி எழுதலாம். அதோடு, ஒரே செல்லில் திரும்பத் திரும்ப எழுதினால் அது தேய்ந்துபோகும். ஆகவே புதிய தரவை வேறொரு இடத்தில் எழுதிவிட்டு, பழையதைப் பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று சில்லு ஒதுக்கிவைக்கிறது. 'இதை அழி' என்று நாம் சொன்ன பிறகும் அழிக்கப்பட வேண்டியது உள்ளே காத்திருக்கலாம்.

இணையத்தில் அனுப்புவதும் இதே கதைதான். வழியிலுள்ள ஒவ்வொரு கருவியும் தரவுப் பொட்டலத்தைத் தன்னிடம் ஒரு கணம் எழுதிவைத்து, அடுத்த கருவிக்குப் பிரதி எடுத்துத் தருகிறது. ஆக, டிஜிட்டல் உலகில் கைமாற்றுவது என்பது இரண்டு செயல்களின் கூட்டு: ஒரு பிரதி எடுப்பது, பிறகு மூலத்தை மறப்பது. பிரதி எடுப்பதில் கணினிக்கு இணையே இல்லை. மறப்பதில், அதிலும் மறந்துவிட்டேன் என்று இன்னொருவருக்கு நிரூபிப்பதில், அது மிகவும் பலவீனமானது. கைமாற்றலின் சிக்கல் முழுக்க இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

நான்காயிரம் பைட்டுகளாக நறுக்கிய பாட்டு

இதை நேருக்கு நேர் சந்தித்த நிறுவனம் ரீடிஜி. ஜான் ஆசன்மேக்கரும் எம்ஐடி கணினி அறிவியலாளர் லாரி ருடால்ஃபும் 2009-இல் தொடங்கியது. ஐடியூன்ஸில் காசு கொடுத்து வாங்கிய பாட்டை, கேட்டு அலுத்த பிறகு, சட்டப்படி இன்னொருவருக்கு விற்க வழி செய்வது அவர்கள் நோக்கம். 2011 அக்டோபரில் சந்தை திறந்தது.

அவர்கள் மென்பொருள் முதலில் விற்பவரின் கணினியைத் தேடி, அந்தப் பாட்டு உண்மையாகவே வாங்கியதுதானா என்று சரிபார்த்தது. அங்கே இருக்கும் மற்றப் பிரதிகளை அழிக்கச் சொன்னது. அதன் பிறகு பாட்டைச் சுமார் 4,000 பைட்டுகள் கொண்ட துண்டுகளாக நறுக்கியது. ஒரு துண்டைத் தற்காலிக நினைவகத்துக்கு எடுத்ததும், வட்டிலிருந்த அதே துண்டை அழிக்கக் கட்டளை கொடுத்தது. துண்டு, அரிசோனாவில் இருந்த சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு அடுத்த துண்டு. நான்கு நிமிடப் பாட்டு ஒன்று 256 கிலோபிட் தரத்தில் ஏறக்குறைய 77 லட்சம் பைட்டுகள் இருக்கும். கிட்டத்தட்ட 1,920 துண்டுகள். பாதியில் நிறுத்திப் பார்த்தால் முதல் 960 துண்டுகள் அங்கே, மிச்சம் 960 இங்கே. முழுப் பாட்டு எந்த நொடியிலும் இரண்டு இடங்களில் இருக்காது.

இந்த வடிவமைப்பில் ஓர் அழகான பிடிவாதம் இருக்கிறது. காகிதத்துக்கு இயற்கை கொடுத்த குணத்தை மென்பொருளால் பாட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அது. இசைப்பதிவு நிறுவனமான கேபிடல் ரெக்கார்ட்ஸ் 2012 ஜனவரியில் ரீடிஜி மீது வழக்குத் தொடுத்தது. ரீடிஜி தரப்பு தன் சேவையை 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும், ஆளை ஓரிடத்தில் மறையவைத்து இன்னோரிடத்தில் தோன்றவைக்கும் கருவிக்கு ஒப்பிட்டது. 2013 மார்ச்சில் மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஒரு பொருள் இணையம் வழியாகப் பயணிக்க முடியாது. சர்வரின் வட்டில் எழுதப்பட்டது புதிய பிரதி. விற்கும் உரிமை உண்டு, புதிய பிரதி எடுக்கும் உரிமை இல்லை. 2018 டிசம்பரில் மேல்முறையீட்டிலும், நீதிபதி பியர் லெவல் எழுதிய தீர்ப்பில், இதுவே உறுதியானது.

இயந்திரம் என்ன செய்கிறது என்ற அளவில் நீதிமன்றம் சரியாகவே கண்டது. வேறொரு ஓட்டையும் இருந்தது: பாட்டை விற்கும் முன்பே ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து மேசை இழுப்பறையில் போட்டிருந்தால், எந்த மென்பொருளாலும் அதைக் காண முடியாது.

முடிவே இல்லாத ஒப்புதல்

எல்லோரும் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. அனுப்புகிறவர் முதலில் அழித்துவிட்டு, அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்தால் பாட்டு இருவருக்கும் இல்லை. கிடைத்தது என்று தகவல் வந்தபின் அழிக்கலாம் என்றால், அந்தத் தகவல் தொலைந்தால் பாட்டு இருவரிடமும் இருக்கிறது.

கணினியியலில் இது இரண்டு தளபதிகள் சிக்கல் என்ற பெயரில் 1970-களிலிருந்து பேசப்படுகிறது. இரண்டு மலைகளில் இரண்டு படைகள், நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இரு படையும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. ஒரு தளபதி தூதனை அனுப்புகிறார். அவன் பிடிபடாமல் போய்ச் சேர்ந்தானா? பதில் வர வேண்டும். பதில் வந்து சேர்ந்தது என்று மறுபக்கத்துக்கு எப்படித் தெரியும்? அதற்கும் பதில் போக வேண்டும். எத்தனை தூதர்களை அனுப்பினாலும் கடைசித் தூதன் பற்றிய ஐயம் மிச்சம் இருக்கும். தகவல் தொலையக்கூடிய வழியில் இரு தரப்பும் முழு நிச்சயத்துக்கு வர எந்த முறையாலும் முடியாது என்பது கணிதமாக நிரூபிக்கப்பட்ட உண்மை.

தப்பிக்கும் வழி, இருவருக்கும் பொதுவாக ஒரு கணக்கேட்டை நடுவில் வைப்பது. 'இன்று முதல் இது இவருடையது' என்று அந்த ஏட்டில் ஒரு வரி மாறும். மாறியது அல்லது மாறவில்லை, இடைநிலை கிடையாது. நிண்டெண்டோ 2025-இல் கொண்டுவந்த மெய்நிகர் விளையாட்டு அட்டைகள் இப்படித்தான் இயங்குகின்றன. வாங்கிய விளையாட்டைக் குடும்பக் குழுவில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு இரவல் தரலாம். அதுவரை கொடுத்தவரால் ஆட முடியாது. கெடு முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும்.

படம் எல்லோரிடமும், சாவி ஒருவரிடம்

கணக்கேட்டில் பெயர் மாறிவிட்டது, சரி. பழைய சொந்தக்காரரின் கணினியில் கோப்பு இன்னும் கிடக்கிறதே? இங்கேதான் மறையாக்கம் ஒரு பெரிய திருப்பத்தைக் கொண்டுவருகிறது. பாட்டைப் பூட்டி வைத்துவிட்டால், பூட்டிய கோப்பு ஊரெல்லாம் பிரதியானாலும் கவலை இல்லை. பாதுகாக்க வேண்டியது 128 பிட்டுகள் கொண்ட ஒரு சின்னச் சாவியை மட்டும்தான். அந்தச் சாவியை ஊகித்துக் கண்டுபிடிக்க நினைத்தால், 340-க்குப் பின்னால் 36 பூஜ்யங்கள் போட்ட அளவுக்கு வாய்ப்புகளைச் சோதிக்க வேண்டும். லட்சக்கணக்கான பைட்டுகளை மறக்கும் வேலை, 16 பைட்டுகளை மறக்கும் வேலையாகச் சுருங்குகிறது.

தமிழ்நாட்டில் இந்த ஏற்பாட்டின் விளைவை அனுபவிக்காத சினிமா ரசிகர் குறைவு. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் கூடி 2005-இல் வெளியிட்ட டிசிஐ விதிகளின்படி, படம் பூட்டிய நிலையிலேயே ஹார்ட் டிஸ்க்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ தியேட்டருக்கு முன்கூட்டியே வந்துவிடுகிறது. திறக்கும் சாவி, கேடிஎம் என்ற சிறிய கோப்பில் தனியாக வரும். அந்தக் கோப்பும் பூட்டியதே. குறிப்பிட்ட ஒரு தியேட்டரின் குறிப்பிட்ட ஒரு கருவிக்குள் இருக்கும் ரகசியச் சாவியால் மட்டுமே அதைத் திறக்க முடியும். எந்தத் தேதி எந்த மணிக்கு உயிர் பெற்று எப்போது காலாவதியாக வேண்டும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். யாராவது கருவியைத் திருகித் திறக்கப் பார்த்தால், அது தன் ரகசியத்தைத் தானே அழித்துக்கொள்ளும். சென்னையில் பிறந்த க்யூப் நிறுவனம் இத்தகைய டிஜிட்டல் சினிமாக் கருவிகளையும் சாவிகளையும் வழங்கிவருகிறது. 'படம் வந்துவிட்டது, கேடிஎம் வரவில்லை' என்று காலைக் காட்சி தள்ளிப்போகும்போது, பல ஆயிரம் கோடி பைட்டுகள் சில பைட்டுகளுக்காகக் காத்திருக்கின்றன.

தியேட்டருக்குச் செய்ததைத் தனிமனிதருக்கும் செய்யலாம். இப்போதைய கைபேசிகள் பலவற்றில் சாவிகளை வெளியே விடாமல் காக்கும் தனிச் சில்லு உண்டு. என் சில்லு உங்கள் சில்லுக்குச் சாவியைப் பூட்டி அனுப்பிவிட்டுத் தன்னிடம் இருப்பதை அழித்தால் கைமாற்றல் முடிந்தது. இதிலும் ஒரு தந்திரம் செய்யலாம். கைமாற்றும் முன் கைபேசியின் சேமிப்பு முழுவதையும் பிரதி எடுத்துக்கொள்வது. பாட்டைக் கொடுத்துவிட்டு, பழைய நிலையை மறுபடி ஏற்றிக்கொள்வது. சில்லுக்குத் தான் பாட்டைக் கொடுத்ததே நினைவிருக்காது.

இதற்குக் கண்டுபிடித்த மருந்து மிக எளியது: முன்னோக்கி மட்டுமே எண்ணும் ஓர் எண்ணி. ஒவ்வொரு கைமாற்றலுக்கும் அது ஒன்று கூடும். எந்தக் கட்டளையாலும் குறையாது. சேமித்த நிலையில் 41 என்றும் சில்லில் 42 என்றும் இருந்தால், இது பழைய நிலை என்று சில்லு நிராகரித்துவிடும். பின்னோக்கிப் போக முடியாத காலத்தை ஒரு சில்லுக்குள் செய்துவைத்திருக்கிறார்கள்.

ஆனால், கட்டளைக்கு மறக்கும் இயந்திரம் யார் கட்டளைக்கு மறக்கும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2009 ஜூலையில் உரிமைத் தகராறு ஒன்றைக் காரணம் காட்டி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' மின்னூல்களை அவர்கள் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே நீக்கியது. எதிர்ப்பு கிளம்பியபின் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதற்காகக் கட்டும் பூட்டு, விற்றவரே திரும்பப் பறிக்கும் கையாகவும் மாறலாம் என்பதை அது காட்டியது.

பிரதி எடுக்க முடியாத ஒன்று

மென்பொருளும் சில்லும் யாரையாவது நம்பச் சொல்கின்றன. நம்பிக்கையே தேவைப்படாமல், இயற்கையே காவல் காக்கும்படி செய்ய முடியுமா? முடியும் என்கிறது குவாண்டம் இயற்பியல். ஒளித்துகள் ஒன்றின் முன்பின் அறியாத குவாண்டம் நிலையைத் துல்லியமாகப் பிரதி எடுக்க எந்தக் கருவியாலும் இயலாது என்பதை 1982-இல் வூட்டர்ஸும் ஸூரெக்கும், தனியாக டீக்ஸும் நிரூபித்தார்கள். அந்த நிலையை அறிய அளந்தாக வேண்டும். அளந்தால் அது கலைந்துவிடும். இதற்கு வெகு முன்பே, 1970-ஐ ஒட்டி, ஸ்டீஃபன் வீஸ்னர் கள்ளநோட்டு அடிக்கவே முடியாத குவாண்டம் பணத்தைக் கற்பனை செய்திருந்தார். அவருடைய கட்டுரை அச்சேறியது 1983-இல்தான்.

1993-இல் சார்லஸ் பென்னெட்டும் அவரோடு ஐந்து அறிஞர்களும் குவாண்டம் தொலைப்பெயர்ப்பு முறையை வகுத்தார்கள். ஒரு துகளின் நிலை இங்கே அழிந்தால்தான் அங்கே தோன்றும். பிரதி என்ற பேச்சே இல்லை. மூலம் இல்லாமல் போவது முறையின் ஓர் அங்கம். 1997-இல் ஆன்டன் சைலிங்கரின் குழு இதை ஆய்வகத்தில் செய்து காட்டியது. ரீடிஜி நீதிமன்றத்தில் எந்தக் கற்பனைக் கருவியோடு தன்னை ஒப்பிட்டதோ, அதன் உண்மையான உறவினர் ஒளித்துகள்களின் உலகில் இருக்கிறது.

அதைவிட வியப்பானது 2020-இல் வந்தது. அழித்துவிட்டதற்குச் சான்றிதழ் தரும் குவாண்டம் மறையாக்கத்தை ஆன் பிராட்பென்ட்டும் ரபீப் இஸ்லாமும் வடிவமைத்தார்கள். பூட்டிய செய்தி குவாண்டம் துகள்களில் வந்து சேர்கிறது. திறக்காமலே அதை அழித்துவிட்டதாகச் சொல்ல விரும்புகிறவர், துகள்களை ஒரு குறிப்பிட்ட விதத்தில் அளந்து அந்த எண்களை அனுப்ப வேண்டும். அப்படி அளந்தால் செய்தி மீளமுடியாமல் சிதைந்துவிடும்; அளக்காமல் சரியான எண்களைத் தரவும் முடியாது. பிறகு சாவியே கிடைத்தாலும் படிக்க ஒன்றும் மிஞ்சாது. மறந்ததை நிரூபிப்பது நடக்காத காரியம் என்று சாதாரணக் கணினிகள் கைவிரித்த இடத்தில், இயற்பியல் ஒரு வழியைத் திறந்திருக்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. சான்றிதழ் திறக்காத செய்திக்குத்தான். பாட்டு என்றால் காதுக்கு வந்தாக வேண்டும். ஒலிபெருக்கியிலிருந்து காற்றில் கலந்த பாட்டை எந்த மைக்கும் பதிவு செய்துவிடும். அந்தப் பதிவு சாதாரணப் பூஜ்யங்களும் ஒன்றுகளும்தான். கேட்க முடிகிற எதையும் பிரதி எடுக்க முடியும். குவாண்டமும் இதை மாற்றாது.

சட்டத்திடம் ஒரு கோரிக்கை

அப்படியானால் கைமாற்றும் உரிமையைக் கைவிட்டுவிட வேண்டியதுதானா? நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012-இல் யூஸ்டுசாஃப்ட் வழக்கில், பதிவிறக்கி வாங்கிய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம், விற்றவர் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிட வேண்டும் என்றது. 2019-இல் டாம் கபினெட் வழக்கில் மின்னூலுக்கு அதே உரிமையை மறுத்தது. மின்னூல் பழசாவதே இல்லை, பழைய பிரதியும் புதியதைப் போலவே இருக்கும், எழுத்தாளரின் வருமானத்தை அது விழுங்கிவிடும் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று.

இந்தக் காரணம் நியாயமானது. எழுதுகிறவரும் பாடுகிறவரும் பிழைக்க வேண்டும். இதற்கும் தொழில்நுட்பத்தில் விடை இருக்கிறது. 2013-இல் அமேசான் பெற்ற காப்புரிமை ஒன்று, ஒரு டிஜிட்டல் பொருள் இத்தனை முறைதான் கைமாறலாம் என்று வரம்பு வைக்கும் முறையை விவரிக்கிறது. ரீடிஜியோ ஒவ்வொரு விற்பனையிலும் கலைஞருக்கென ஒரு பங்கை ஒதுக்கிவைக்க ஏற்பாடு செய்திருந்தது. பழைய புத்தகக் கடையில் எழுத்தாளருக்கு ஒரு காசும் போவதில்லை என்பதை நினைத்தால், டிஜிட்டல் மறுவிற்பனை அவரைக் காகிதத்தைவிட நன்றாகவே கவனிக்க முடியும்.

ஜெராக்ஸ் இயந்திரம் ஒவ்வொரு தெருவுக்கும் வந்த பிறகும், ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை என்று நிரூபித்தால்தான் புத்தகத்தை விற்கலாம் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. திருட்டுப் பிரதி எடுத்தவரைச் சட்டம் தண்டித்தது. கொடுக்கும் உரிமையை எல்லோருக்கும் விட்டுவைத்தது. டிஜிட்டல் கோப்பிடம் மட்டும் முழு நிச்சயத்தைக் கேட்கிறோம். அந்த முழு நிச்சயம் கணிதப்படியும் இயற்பியல்படியும் யாராலும் தர முடியாதது. கணக்கேடு, சாவி, எண்ணி ஆகிய மூன்றும் சேர்ந்து தருகிற நம்பகம் ஒரு காகிதப் புத்தகம் எப்போதும் தந்ததைவிடக் குறைந்ததல்ல. கருவி தயாராக இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதை இன்னொருவருக்குக் கொடுக்கும் உரிமையை 1908-இல் ஒரு நாவலுக்கு உறுதிசெய்த சட்டம், இன்று ஒரு பாட்டுக்கும் ஒரு மின்னூலுக்கும் அதைச் செய்ய வேண்டும்.